கருப்பன் மலையேறாத பங்குனி

ஒரு ஊர்ல ஒரு சாமி இருந்துச்சுன்னு சொன்னா, இதுல என்னய்யா அதிசயம், எல்லா ஊர்லயுந்தான் இருக்குன்னு கேப்பீங்க. நெடுங்கம்மாய்ப்பட்டியில அந்தப் பங்குனியில சாமி கோயில்ல இல்ல, டீக்கடையில இருந்துச்சு, டவுன் பஸ்ல இருந்துச்சு, ஆசீர்வாதம் டெய்லர் கடையில தையல் மிசின மிதிச்சுக்கிட்டு இருந்துச்சு, அம்புட்டு எடத்துலயும் இருந்த சாமி ஒரே ஒரு ஆளுகிட்ட மட்டும் வரல, அந்த ஆளுதான் அந்தச் சாமிக்குச் சாமியாடி, பேரு சோணமுத்து.

சோணமுத்துக்குப் பொழப்பு பஞ்சர் ஒட்டுறது. பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்ல தகரக் கொட்டாய், ஒரு கம்ப்ரசர், ஒரு பழைய தண்ணித் தொட்டி. டியூப்ப அந்தத் தொட்டியில முக்குவான், எங்கன ஓட்டையோ அங்கனருந்து குமுகுமுன்னு கொப்பளிக்கும், கண்ணுக்குத் தெரியாத காத்தையும் புடிச்சுக் காட்டிருவான். அதவிடப் பெரிய வித்தை அவன் வாயில இருந்துச்சு. ஸ்டேசன் ஏட்டு இருமுறது, மாமியா மூக்கச் சிந்துறது, மேடையில ஒருத்தரு "அன்பார்ந்த"ன்னு ஆரம்பிச்சுட்டு அதுக்கு மேல வார்த்தை கெடைக்காம முழிக்கிறது, காக்கா கல்யாணச் சோத்தப் பாத்துட்டு சொந்தபந்தத்தக் கூப்புடுறது, எல்லாம் அச்சா வரும். காத்து எறங்காத வண்டியையும் நிறுத்தி அவன் வாயப் பாத்துட்டுப் போற ஊரு அது.

வருசத்துக்கு ஒரு நாளு, பங்குனிப் பொங்கலன்னைக்கு, அந்த வாயும் அந்த ஒடம்பும் கம்மாக்கரைக் கருப்பனுக்கு. காலுக்குச் சலங்கை கட்டி, கையில அருவாளக் குடுத்து உறுமியத் தட்டுனா கருப்பன் அவன் மேல எறங்கும், ஆடும், வாக்குச் சொல்லும், கடைசியில பூசாரி நல்லமணி ஒரு கட்டி சூடத்தக் கொளுத்தி அவன் நாக்குல வைப்பாரு, "மலையேறுறேன்"னு ஒரு சத்தம் குடுத்துட்டு விழுந்துருவான், சாமி ஒடம்ப விட்டுட்டு அது எடத்துக்குப் போயிருச்சுன்னு அர்த்தம்.

இது ஊருக்குத் தெரிஞ்சது. தெரியாதது ஒண்ணு உண்டு. பதினோரு வருசத்துக்கு முந்தி அவன் அப்பன் பெரிய சோணை செத்து, எல்லாருஞ் சேந்து மகன் கால்ல சலங்கையக் கட்டி நிறுத்துனப்ப, அவனும் கண்ண மூடிக்கிட்டு வரும் வரும்னு நின்னான், உறுமி உறுமுது, பொம்பளைக கொலவ போடுதுக, வருது, என்ன வருது, பசி வருது, கொட்டாவி வருது, சாமிய மட்டும் காணோம். ஊரே பாக்குது. என்ன செய்வான் பாவம், தெரிஞ்சதத்தான செய்வான்? அப்பன் எப்படி ஆடுவாரோ அப்படியே ஆடிக் காட்டிட்டான். எடது கால இழுத்து, ஒத்தக் கண்ணச் சுருக்கி, மூக்கால "ஹூம்ம்"னு ஒரு செருமல். பொத்துப் பொத்துன்னு கால்ல விழுந்துச்சு சனம். "அப்பனுக்கு எறங்குன அதே கருப்புடா"ன்னு நல்லமணி பூசாரியே கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

அதுலருந்து ஒவ்வொரு பங்குனிக்கும் சலங்கையக் கட்டுறப்ப நெஞ்சுக்குள்ள ஒரு நமநமப்பு, இந்த வருசமாச்சும் வராதா, ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், அது எப்படித்தான் இருக்கும்னு பாத்துர மாட்டோமான்னு. வராது. அப்பனப் போல ஆடிட்டு, வீட்டுக்கு வந்து சுவத்தப் பாத்துப் படுத்துக்குவான்.

அந்தப் பங்குனியில வெயிலு மண்டையப் பொளந்துச்சு. ஆளாளுக்குப் பானக்கத்தக் கரைச்சுட்டு வந்து "சாமி குடிக்கணும்"னு நீட்ட, வெல்லமும் சுக்கும் எலுமிச்சையும் மணக்க மணக்க மூணு சொம்பக் குடிச்சுட்டுக் களத்துல எறங்கிட்டான். பாதி ஆட்டத்துல அடிவயிறு முட்ட ஆரம்பிச்சிருச்சு. சாமியாடி போயி "இருங்கப்பா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துர்றேன்"னு சொல்ல முடியுமா? வாக்குக் கேக்க நின்ன வரிசைய அப்படியே விட்டுட்டு, நாக்க நீட்டிச் சூடத்தக் கேட்டு வாங்கி, "மலையேறுறேன்"னு கத்திட்டு விழுந்தான், விழுந்த வேகத்துலயே எந்திரிச்சுக் கருவேலங்காட்டப் பாத்து ஓடுனான். அம்புட்டுத்தான் நடந்துச்சு. தப்பும் அம்புட்டுத்தான்.

அன்னைக்குச் சாயந்தரம் பால்ச்சாமி கடை பெஞ்சுல ஒக்காந்திருந்தவுக எல்லாருக்கும் ஒரே நேரத்துல நாக்குல பானக்கம் இனிச்சிச்சு. யாரும் குடிக்கல, ஆனா இனிக்குது. கை மயிரெல்லாம் நாத்து மாதிரி நட்டுக்கிச்சு. பாத்தா, முப்பது வருசமா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு டீ ஆத்துற பால்ச்சாமி, கிளாஸத் தலைக்கு மேல தூக்கிட்டுக் கண்ணு ரெண்டும் மின்ன நிக்கிறாரு.

"அடடா! ஆத்துறது இம்புட்டுச் சொகமாடா! ஒருத்தனாச்சும் எங்கிட்டச் சொன்னீங்களா?"

ஒரே டீய முக்கா மணி நேரம் ஆத்துனாரு. அது பச்சத்தண்ணியாப் போச்சு. அப்பறம் இனிப்பு வடிஞ்சிச்சு, பால்ச்சாமி மூஞ்சி பழையபடி தொங்கிருச்சு, "எவன்டா இந்த டீய ஆற விட்டது?"ன்னு கேட்டாரு. பெஞ்சுல இருந்த ஒருத்தன் மெதுவாச் சொன்னான், "கருப்பன் மலையேறலப்பா. ஊருக்குள்ளதான் திரியுது."

அதுக்கப்பறம் நெடுங்கம்மாய்ப்பட்டி ஆச்சரியமெல்லாம் படல, அதுக்கு எங்க நேரம்? மறுநாளு டவுன் பஸ்ல கண்டக்டர் தவமணி மேல எறங்குச்சு, விசில ஊதி ஊதிப் பாத்துச் சிரிச்சுச்சு, நின்னுக்கிட்டு வந்த சனத்தப் பாத்து "எல்லாரும் சன்னலோரம் ஒக்காருங்க"ன்னுச்சு, எப்படின்னு கேக்காதீங்க, எல்லாருக்கும் சன்னல் இருந்துச்சு. அதுக்கு மறுநாளு நூறு நாள் வேலையில முத்துப்பேச்சி மேல எறங்கி, ஒரு வாரத்துக்கு வெட்ட வேண்டிய மண்ண மத்தியானச் சோத்துக்குள்ள வெட்டிப் போட்டுருச்சு, மிச்ச நாளைக்கு என்ன வேலை குடுக்குறதுன்னு மேஸ்திரி தலையில கைய வச்சு ஒக்காந்துட்டாரு. ஆசீர்வாதம் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போற வேதக்காரரு, அவரு மேலயும் எறங்குச்சு. "எங்க ஆண்டவரா, ஒங்க கருப்பனா, எனக்குத் தெரியாது, ஆனா வாழ்க்கையில மொத தடவையா ஜாக்கெட்டு கை அளவு சரியா வந்திருக்கு"ன்னு அவரே ஒத்துக்கிட்டாரு.

வாக்குக் கேட்டுப் பின்னாடியே போனவுகளுக்குத்தான் பாடு.

"கருப்பா, எம் மகளுக்கு எப்பய்யா கல்யாணம் கூடும்?"

"அந்த வெங்காயத்த இங்கிட்டுத் தள்ளு, நான் உரிக்கிறேன். இதென்ன, கண்ணுல தண்ணி வருது? அய்யோ, நல்லா இருக்கே!"

வாக்குக் குடுக்குறதே இல்ல. எதப் பாத்தாலும் நான் செய்யிறேன், நான் செய்யிறேன்னு புதுசாக் கல்யாணமான மருமக மாதிரி வந்து நிக்கிது. இம்புட்டு நாளா வருசத்துக்கு ஒரு தடவ கூப்புட்டு, ஆட விட்டு, கஷ்டத்தச் சொல்லி, சூடத்த வச்சு அனுப்பிருவோமுல்ல, ஒரு வெங்காயம் உரிக்க விட்டிருப்பமா?

ஊரு பழகிக்கிருச்சு. பால் டிப்போவுல "சாமி கறக்கும்போது மாட்டைத் தொடாதீர்" அப்படின்னு போர்டு வச்சாங்க. சுகர் இருக்குற ஆளுகளெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயி, நாக்குல சும்மாவே இனிக்குதே, இது சுகர ஏத்துமான்னு கேட்டாங்க. நர்சம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, "சாமியால ஏறல, நீங்க திங்கிற அதிரசத்தாலதான் ஏறுது"ன்னு வெரட்டி விட்டுச்சு.

இதுல சோணமுத்து கதிதான் நாய் பட்ட பாடு. தவமணி பஸ்ல இருக்குன்னு சொல்லுவாங்க, கழட்டுன வீல கழட்டுன மேனிக்குப் போட்டுட்டு ஓடுவான், மூச்சு வாங்க ஏறுவான், "இப்பத்தான் எறங்குச்சு மாமா"ன்னுவான் தவமணி. ரேசன் கடைக்கு ஓடுவான், "அரிசி அளந்துட்டு இந்தா இப்பத்தான்." நாக்க வெளிய நீட்டிக்கிட்டே தெருத்தெருவாத் திரிஞ்சான், எங்கயாச்சும் ஒரு சொட்டு இனிக்காதான்னு. அவன் நாக்குல பஞ்சர் ஒட்டுற சொலுசன் நாத்தந்தான் இருந்துச்சு. இருக்குற எடத்துல இருக்க முடியல, ஒக்காந்தா எந்திரிக்கணும், எந்திரிச்சா ஓடணும். கடையில டியூப்ப முக்கிட்டு, கொப்பளம் வருதான்னு பாக்காம, தோளுக்குப் பின்னாடி பின்னாடி திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்தான்.

ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தா, பொண்டாட்டி செல்வராணி மாவாட்டிட்டுக் கையக் கழுவுது, மொகம் செவந்து கெடக்கு.

"என்னடி?"

"வந்துட்டுப் போச்சு."

"எங்க?"

"எம் மேலதான். ரெண்டாவது தடவ."

"ரெண்டாவதா! மொத தடவ எப்ப?"

"செவ்வாக்கெழம, தலை சீவயில. சொன்னா ஒங்க மூஞ்சி சுருங்கிரும்னு சொல்லல."

சோணமுத்து அங்கனயே குத்தவச்சு ஒக்காந்துட்டான். "எப்படிடி இருக்கும்?"

செல்வராணிக்குச் சிரிப்பு வந்துருச்சு. "இதென்ன கேள்வி? பதினோரு வருசமா சாமியாடுற ஆளு, மாவாட்டுறவகிட்டக் கேக்குறீங்க?"

செல்வராணி அவன் மொகத்தப் பாத்துச்சு, சிரிப்ப நிறுத்திருச்சு. "நம்ம வேலைய நாமதான் செய்யிறோம். ஆனா யாரோ மொத மொதல்ல செய்யிற மாதிரி இருக்கும். மாவு வழுவழுன்னு இருக்கும்ல, அது எம்புட்டு வழுவழுப்புன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. போகயில உப்புப் போட்டாச்சான்னு கேட்டுச்சு."

"என்னையப் பத்தி எதுவும் கேட்டுச்சா?"

"இல்லங்க."

எத்தன நாளைக்குத்தான் ஊரு தாங்கும்? நாக்குல பானக்கம் இனிக்கிறப்ப பொய் சொல்ல வரல. பால்ச்சாமி பாலுக்குத் தண்ணி ஊத்த முடியாமத் தவிச்சாரு. கல்யாணத் தரகரு "மாப்புள பட்டாளத்துல…"ன்னு ஆரம்பிச்சுட்டு "…போயிட்டு ஒரே வாரத்துல ஓடியாந்துட்டாரு"ன்னு முடிச்சாரு. சண்டை போட முடியல, சோம்பேறியாப் படுக்க முடியல, கருப்பன் எப்ப வருமோன்னு கக்கூசுல கூட நிமிந்து ஒக்காந்தாங்க. ஊரே முள்ளு மேல நின்ன மாதிரி ஆயிப்போச்சு. எல்லாரையும் விட நல்லமணி பூசாரிக்குத்தான் வயித்தெரிச்சல், சாமி டீக்கடையில இருக்கயில கோயிலுக்கு எவன் வருவான்?

பூசாரி ஊரக் கூட்டிட்டாரு. "வந்த வழியாத்தான்பா போகும். சோணமுத்து மேலதான வந்துச்சு, அவன் மேலயே எறக்குவோம், சூடத்த ஒழுங்கா நாக்குல வச்சு மலையேத்துவோம். வெள்ளிக்கெழம காலைல பத்து மணிக்கு. என்னடா சோணா?"

சோணமுத்து தலையாட்டுனான். வேற என்ன செய்வான்? வரலன்னா பதினோரு வருசப் பொய்யி நடுக்களத்துல அவுந்து விழும். அப்பன மாதிரி வேசம் போட்டு அது போயிருச்சுன்னா, அது எப்படி இருக்கும்னு தெரியாமலே அவன் சாகணும். மூணு நாளு சோறு எறங்கல. பானக்கத்தத் தொடவே இல்ல.

வெள்ளிக்கெழம ஊரே களத்துல. டவுன் பஸ்ஸையும் கொண்டாந்து கம்மாக்கரையில நிறுத்திட்டான் தவமணி. உறுமி எடுத்துச்சு. சோணமுத்து கண்ண மூடுனான், வா, வா, வந்துருன்னு உள்ளுக்குள்ள கெஞ்சுனான். எடது கால இழுத்தான், ஒத்தக் கண்ணச் சுருக்குனான், "ஹூம்ம்"னான். கூட்டத்துல சலசலப்பு, "இனிக்குதுடி, எனக்கு இனிக்குது", "எனக்குந்தான்", "அந்தா, எறங்கிருச்சு", கொலவச் சத்தம் காதப் பொளக்குது, அம்புட்டு நாக்கும் இனிக்குது, அவன் நாக்கு மட்டும் ஓட்டுச் சில்லாட்டம் காஞ்சு கெடக்கு.

நல்லமணி தட்டோட வந்தாரு. சூடம் எரியுது. "போதும் கருப்பா, ஊரு தாங்கல. மலையேறிக்கய்யா."

சோணமுத்து வாயத் தொறந்தான். நாக்க நீட்டணும். நீட்டிட்டா முடிஞ்சிச்சு. நாக்கு வரல.

"தட்ட எடுங்க பூசாரி. எம் மேல இல்ல."

"என்னடா சொல்ற?"

"இல்லய்யா. இன்னைக்கின்னு இல்ல, பதினோரு வருசமா இல்ல. எங்கப்பன் ஆடுனத ஆடிக் காட்டுனேன். அம்புட்டுத்தான்."

உறுமி நின்னுருச்சு. செல்வராணி சேலைத் தலப்ப வாயில வச்சு அழுத்திக்கிருச்சு. நல்லமணி தட்டோட நிக்கிறாரு, அடிக்கப் போறாரு இல்ல வையப் போறாருன்னு எல்லாரும் பாக்குறாங்க. பாத்தா மனுசன் சிரிக்கிறாரு. நாப்பது வருசமாத் தட்டு மட்டுமே தூக்குன ஆளு, சாமி அவரு பக்கம் எட்டிக் கூடப் பாத்ததில்ல, அந்த வறட்டுத் தொண்டையிலருந்து கலகலன்னு ஒரு சிரிப்பு.

"ஒருவழியா ஆட்டத்த நிறுத்திட்டு எம் மொகத்தப் பாத்தியேடா!"

சோணமுத்து ஒரு எட்டு முன்னால வந்தான். "கருப்பா?"

"ஏன்டா, பாதி ஆட்டத்துல விட்டுட்டு ஓடிட்டியே, இது நியாயமா? மிச்சம் எப்ப ஆடுவான், எப்ப ஆடுவான்னு ஊருக்குள்ளயே ஒக்காந்திருக்கேன். சும்மா எம்புட்டு நேரம் ஒக்காருறது? அதான் டீ ஆத்துனேன், வெங்காயம் உரிச்சேன்."

"நீ… நான் ஆடுறதப் பாக்கவா வந்த?"

"பதினோரு வருசமா வாறேன். ஒங்கப்பன் மேல எறங்கி நானே ஆடுறப்ப எனக்கு என்ன தெரியும்? நான் ஆடுனா எப்படி இருக்கும்னு நீ ஆடித்தான் நான் பாத்தேன். அந்த ஒத்தக் கண்ணுச் சுருக்கு இருக்கே, அடேயப்பா! நான் அப்படியாடா முழிக்கிறேன்?"

கூட்டத்துல ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சுட்டு வாயப் பொத்திக்கிட்டான். சோணமுத்துக்குச் சிரிப்பு வரல. "அப்படின்னா ஒரு தடவ எம் மேல வந்துட்டுப் போயேன். ஒரே ஒரு நிமிசம். ஊரு பூராத் தொட்ட, என்னைய மட்டும் ஏன் தொடல?"

பூசாரி மொகத்துல இருந்த கருப்பன் அவனையே பாத்துச்சு. கேலி போயிருச்சு.

"உம் மேல வந்துட்டா நான் யாரப் பாக்குறது?"

சோணமுத்து இம்புட்டு நாளாத் தோளுக்குப் பின்னாடி திரும்பித் திரும்பிப் பாத்தது எதையோ, அது எதுத்தாப்ல நின்னு அவனப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு.

"ஆடுறா," அப்படின்னுச்சு கருப்பன், தட்டக் கீழ வச்சுட்டுச் சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிருச்சு. "மிச்சத்த ஆடு."

ஆடுனான் பாருங்க. உறுமிக்காரரு பதறிப் போயித் தட்ட, அப்பனப் போல ஆடுனான், ஆடிக்கிட்டே பால்ச்சாமியாகி டீய ஆத்துனான், தவமணியாகி விசில் ஊதுனான், முத்துப்பேச்சியாகி மண்ண வெட்டுனான், பொண்டாட்டி கண்ணு முன்னாடியே பொண்டாட்டியாகி மாவ வழிச்சு "உப்புப் போட்டாச்சா"ன்னான், நல்லமணியாகித் தட்டத் தூக்கிக்கிட்டு மூஞ்சியச் சுளிச்சான், கருப்பன் போயித் தங்குன ஒடம்பெல்லாம் ஒண்ணொண்ணா அந்தக் களத்துல வந்துட்டுப் போச்சு, ஊரு வயித்தப் புடிச்சுக்கிட்டு உருளுது, எல்லாத்துக்கும் மேல பூசாரி சிரிப்புத்தான் கேக்குது, தொடையத் தட்டித் தட்டிச் சிரிக்குது, கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சிரிக்குது.

கடைசியில சோணமுத்து தானாப் போயித் தட்டுலருந்து இன்னொரு கட்டி சூடத்த எடுத்துக் கொளுத்தி நாக்குல வச்சான். வழக்கமா நாக்கு நெறைய எச்சியக் கூட்டி வச்சுக்குவான், சுடாது. அன்னைக்குச் சிரிச்சுச் சிரிச்சு வாயி காஞ்சு கெடந்துச்சு, சுருக்குன்னு சுட்டுருச்சு. அதே நேரம் எல்லாரு நாக்குலயும் இனிப்பு வடிஞ்சிச்சு. நல்லமணி சம்மணம் போட்ட காலப் பாத்துட்டு, "எவன்டா என்னையக் கீழ ஒக்கார வச்சது?"ன்னு எரிஞ்சு விழுந்தாரு. ஊரு முழுக்கப் பானக்கம் ருசிச்சிச்சு, சோணமுத்துக்குக் கெடச்சது நாக்குல ஒரு கொப்பளம். பத்து நாளைக்கு அத ஆற விடாம, நாக்கப் பல்லுல ஒரசி ஒரசிப் பாத்துக்கிட்டான்.

பால்ச்சாமி கடையில டீ மறுபடி தண்ணியாப் போச்சு. தரகரு மறுபடி பட்டாளத்துக்கு ஆளெடுக்க ஆரம்பிச்சாரு. சோணமுத்தச் சாமியாடியா வச்சுக்கலாமா கூடாதான்னு ஊரு ரெண்டு கூட்டம் போட்டுப் பேசுச்சு, சாமியே ஒக்காந்து பாத்துருச்சு, நாம யாரு வேண்டாங்கிறதுன்னு கலைஞ்சு போச்சு. சோணமுத்து மட்டும் முந்திய விட மோசமாப் போனான். டியூப்ப முக்குனா ஒரு சுத்துச் சுத்தி முக்குறான், பேட்ச ஒட்டுனா ஒரு தட்டுக்கு மூணு தட்டுத் தாளத்தோட தட்டுறான், ஆளில்லாத மத்தியானத்துலயும் காக்கா மாதிரிக் கத்திட்டு எதுத்தாப்ல இருக்குற காலி பெஞ்சப் பாக்குறான். "கிறுக்குப் புடிச்சிருச்சா?"ன்னு செல்வராணி கேட்டா, "யாராச்சும் பாக்குறாகளோ என்னமோ"ங்கிறான்.

மறு வருசப் பங்குனி வந்துச்சு. வெயிலும் வந்துச்சு. வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் ஆளாளுக்குச் சொம்ப நீட்டி, நாலு சொம்புப் பானக்கம் உள்ள போயிருச்சு. ஆடி முடிக்கிற நேரத்துக்கு அடிவயிறு முட்டுது, காலு ரெண்டும் தானாப் பின்னுது, கருவேலங்காடு வா வான்னு கூப்புடுது. நல்லமணி சூடத்தோட வந்துட்டாரு. சோணமுத்து நாக்க நீட்டப் போனவன் நிறுத்துனான். கூட்டத்த ஒரு சுத்துப் பாத்தான், ஒவ்வொரு மொகமாப் பாத்தான்.

"போதுமா?"ன்னு கேட்டான்.

அப்பறம், கூட்டத்துக்குக் கடைசியில, தச்ச ஜாக்கெட்டக் குடுத்துட்டுப் போக வந்து, அக்குள்ல பைய இடுக்கிக்கிட்டுச் சும்மா எட்டிப் பாத்த ஆசீர்வாதம் டெய்லரு வாயிலருந்து, அவருக்கே தெரியாம வந்துச்சு ஒரு சத்தம்.

"இன்னுங் கொஞ்சம்."

சொல்லிட்டு மனுசன் தெகச்சுப் போயி ஒதட்ட நக்கிப் பாத்தாரு.

சோணமுத்து பல்லக் கடிச்சான், தொடையோட தொடைய நெருக்கிக்கிட்டான், எடது கால இழுத்து ஒத்தக் கண்ணச் சுருக்குனான்.